வீட்டுக்கு இரண்டு லைன் கார்ட்லெஸ் போன்: எதை வாங்கலாம், எப்படி இணைக்கலாம்?

வாசு_எடிசன் | சனி, காலை 10:15

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். 1963-ல் கட்டிய பழைய வீடு. வீட்டில் இப்போது இரண்டு போன் நம்பர். ஒன்று 2004-லிருந்து எங்களோடு வருகிற வீட்டு நம்பர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், டாக்டர் ஆபீஸ், அப்பாவின் நண்பர்கள் என்று எல்லோரிடமும் இருப்பது அதுதான். இன்னொன்று என் மனைவியின் தொழிலுக்காக வாங்கியது. அவள் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, வரித் தாக்கலும் செய்து கொடுக்கிறாள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை அந்த நம்பர் ஓயாது.

இரண்டுக்கும் தனித்தனியாகக் கார்ட்லெஸ் செட் வைத்திருக்கிறோம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நான்கு ஹேண்ட்செட். அப்பாவுக்கு 78 வயது. மணி அடித்ததும் கையில் அகப்பட்டதை எடுக்கிறார், அதில் டயல் டோன்தான் கேட்கிறது. மற்றதைத் தேடி எடுப்பதற்குள் எதிராளி வைத்துவிடுகிறார். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து அத்தை மூன்று தடவை கூப்பிட்டும் பேச முடியவில்லை. அன்று முழுவதும் அப்பா முகம் வாடியே இருந்தது.

இரண்டு நம்பரும் ஒரே செட்டில் வர வேண்டும். எந்த ஹேண்ட்செட்டை எடுத்தாலும், அடிக்கிற லைனே வர வேண்டும். மனைவி ஆபீஸ் லைனில் பேசும்போது அம்மா வீட்டு லைனில் பேச முடிய வேண்டும். பேஸ்மென்ட்டில் அப்பா தூங்கும் அறையில் ஆபீஸ் மணி அடிக்கக் கூடாது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். எதை வாங்கலாம்?

மல்லிகா_டல்லாஸ் | சனி, காலை 11:02

வணக்கம் வாசு. வாங்குவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இரண்டாவது லைன் உண்மையிலேயே தேவையா? உங்கள் மனைவியின் ஆபீஸ் நம்பரை அவர் செல்போனுக்கு மாற்றிக்கொண்டால், செல்போனை புளூடூத் வழியாக வீட்டு கார்ட்லெஸ் செட்டுடன் சேர்த்துவிடலாம். செல்லுக்கு வரும் அழைப்பு வீட்டு ஹேண்ட்செட்டிலேயே அடிக்கும், அங்கேயே எடுத்துப் பேசலாம். அந்த வகை செட் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு லைன் செட் என்றால் தேடிப் பிடிக்க வேண்டும், விலையும் கூட.

வாசு_எடிசன் | சனி, மதியம் 12:20

அக்கா, அதையும் யோசித்தோம். மனைவி கடைகளுக்குப் போகும்போது செல்லும் கூடவே போய்விடும். அந்த நேரம் ஆபீஸ் நம்பருக்கு வரும் அழைப்பை வீட்டில் நான் எடுத்து ஒரு குறிப்பாவது எழுதி வைக்க முடிய வேண்டும். அதனால் அந்த நம்பர் வீட்டிலேயே நிற்பதுதான் நல்லது. அம்மாவிடம் செல்போனைக் கொடுத்தும் பார்த்தோம். வழுக்கும் கண்ணாடியில் விரலை வைத்து இழுப்பது அவர்களுக்குக் கைவரவே இல்லை. பட்டன் இருந்தால்தான் நிம்மதி.

ஸ்காபுறோ_தயா | சனி, மதியம் 12:48

வணக்கம் வாசு. கனடாவில் சிலர் செய்கிற ஒரு வழி சொல்கிறேன். ஒரே லைனில் இரண்டு நம்பர் எடுக்கலாம். இங்கே பெல் நிறுவனம் அதற்கு ஐடென்ட்-ஏ-கோல் என்று பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நம்பருக்கும் மணி வேறு விதமாக அடிக்கும், சாதாரண போனே போதும். ஆனால் லைன் ஒன்றுதானே? ஒருவர் கதைத்துக்கொண்டிருந்தால் மற்றவர் கதைக்க முடியாது. உங்கள் மனைவியும் அம்மாவும் ஒரே நேரத்தில் கதைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டு லைன்தான் சரி.

செப்புக்கம்பி | சனி, மாலை 4:30

வாசு, கடைக்குப் போவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். சிகாகோ பக்கம் இருபத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய் டெலிபோன் ஒயர் இழுத்தவன் நான். 'இரண்டு லைன் போன் வாங்கினேன், இரண்டாவது லைன் வரவே இல்லை' என்று கூப்பிட்ட வீடுகளில் போன் கெட்டிருந்தது அபூர்வம். கோளாறு ஒயரில்தான் இருக்கும்.

அமெரிக்க வீட்டுச் சுவரில் போன் ஒயரைச் செருகும் ஜாக்கைக் கழற்றினால் உள்ளே நான்கு ஒயர் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரு ஜோடி, அது முதல் லைன். கறுப்பும் மஞ்சளும் இன்னொரு ஜோடி, அது இரண்டாவது லைன். பிற்காலத்து வீடுகளில் கம்ப்யூட்டர் கேபிள் போட்டிருந்தால் நீல ஜோடி முதல் லைன், ஆரஞ்சு ஜோடி இரண்டாவது. ஒரே ஜாக்கில் இரண்டு லைனும் வந்தால் ஆர்.ஜே 14 என்போம், ஒன்று மட்டும் வந்தால் ஆர்.ஜே 11. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1963 வீடு என்றதும் எனக்கு வேறொரு கவலை. 1959-ல் பிரின்சஸ் என்று ஒரு போன் வந்தது. படுக்கையறைக்கான சின்ன போன், டயலுக்குள் விளக்கு எரியும். அந்த விளக்குக்கு மின்சாரம் தர, வீட்டில் எங்காவது ஒரு மின் பிளக்கில் டிரான்ஸ்ஃபார்மரைச் செருகி, அதிலிருந்து கறுப்பு மஞ்சள் ஒயரில் அனுப்புவார்கள். போன் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் இரண்டாவது லைனை அதே ஜோடியில் சேர்த்தால் பேச்சுக்கு நடுவே ஓயாத இரைச்சல் கேட்கும், கருவியும் கெடலாம். பேஸ்மென்ட்டில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்து நாலு ஒயர் கேபிளில் ஜோடிகள் முறுக்கப்பட்டிருக்காது. இரண்டு லைனையும் அதில் நெடுந்தூரம் கொண்டுபோனால் ஒரு லைனில் பேசுவது இன்னொன்றில் மெல்லிசாகக் கேட்கும். உங்கள் மனைவியின் தொழிலில் அடுத்தவர் வருமானம் பற்றிப் பேசுவார்கள். அது வேறு யார் காதிலும் விழக் கூடாது அல்லவா?

இரண்டு விஷயம் சொல்லுங்கள். இரண்டு லைனும் ஒரே கம்பெனியா? ஒவ்வொன்றும் வீட்டுக்குள் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது?

வாசு_எடிசன் | ஞாயிறு, காலை 9:40

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! நேற்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட் முழுவதும் தேடினேன். தண்ணீர் ஹீட்டருக்குப் பின்னால், சிலந்தி வலைக்குள், சுவர் பிளக்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. தொட்டால் இளஞ்சூடு. அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் மேலே போய் உத்தரத்துக்குள் மறைகிறது. இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. பிடுங்கி வைத்துவிட்டேன்.

லைன்கள் இரண்டும் வேறு வேறு கம்பெனி. வீட்டு நம்பர் ஃபைபரில் வருகிறது. கராஜ் சுவரில் உள்ள பெட்டியில் போன் துளை ஒன்று இருக்கிறது, அதிலிருந்து ஒயர் போகிறது. ஆபீஸ் நம்பர் இன்டர்நெட் வழியாக வருவது. ரவுட்டருக்குப் பக்கத்தில் சின்ன அடாப்டர் ஒன்று வைத்திருக்கிறோம். ரவுட்டரும் கராஜை ஒட்டிய அறையில்தான்.

செப்புக்கம்பி | ஞாயிறு, காலை 11:15

அப்படியென்றால் நல்ல செய்தி. நீங்கள் சுவரைத் தொடவே வேண்டாம்.

கார்ட்லெஸ் செட்டில் லைன் வந்து சேர வேண்டியது ஒரே இடத்துக்கு, அதாவது பேஸ் என்கிற தாய்ப் பெட்டிக்கு மட்டும். மற்ற ஹேண்ட்செட்டுகளுக்கு வேண்டியது சார்ஜ் செய்ய ஒரு மின் பிளக். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நாலு அறைக்கும் இரண்டு லைனைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்து, சுவரை உடைத்துச் செலவு செய்கிறார்கள். பேஸை ரவுட்டர் அறையில் வையுங்கள். ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு போன் ஒயர், அடாப்டரிலிருந்து ஒரு போன் ஒயர், இரண்டும் நேரே பேஸுக்கு வரட்டும். முடிந்தது.

பேஸின் அடியில் எத்தனை துளை இருக்கிறது என்று வாங்கும்போதே பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்றில் 'லைன் 1/2' என்றும் இன்னொன்றில் 'லைன் 2' என்றும் போட்டிருப்பார்கள். உங்களைப் போல இரண்டு பெட்டியிலிருந்து வந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துளையில் செருகலாம். ஒரு துளைதான் இருக்கிறது என்றால், இரண்டு லைனைப் பிரிக்க விற்கும் மூன்று துளை ஸ்ப்ளிட்டர் இருக்கிறதே, லைன் 1, லைன் 2, இரண்டும் என்று எழுதியிருக்கும், அதையே திருப்பிப் போட்டுச் சேர்ப்பதற்குப் பயன்படுத்தலாம். உள்ளே வெறும் ஒயர்தான், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வேலை செய்யும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. இன்டர்நெட் அடாப்டரிலிருந்து வரும் ஒயரை வீட்டுச் சுவர் ஜாக்கில் செருகி எல்லா அறைக்கும் அனுப்ப நினைத்தால், முதலில் வெளிச்சுவரில் உள்ள சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து, தெருவிலிருந்து வரும் பழைய லைனை வீட்டு ஒயரிலிருந்து பிரித்துவிடுங்கள். தெருவின் செப்பு லைனில் 48 வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் இருக்கும். மணி அடிக்கும்போது ஏறக்குறைய 90 வோல்ட் மாறுமின்சாரம் வரும். அடாப்டருக்குள் அது நுழைந்தால் அடாப்டர் போய்விடும். பழைய லைன் செத்துப்போனது என்று நம்பி விட்டுவிடாதீர்கள், கம்பெனிக்காரர் எந்த நாளும் மறுபடி உயிர் கொடுக்கலாம்.

இரண்டாம்மாடி | ஞாயிறு, மதியம் 1:05

பேஸை ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் வைஃபை கெடாதா என்று கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

பழைய கார்ட்லெஸ் போன்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்தன. வைஃபைக்கும் அதே அலைவரிசை என்பதால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் போன்களும் இன்றைய 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மிக அருகில் வருகின்றன. இப்போது கிடைப்பவை டெக்ட் 6.0 என்கிற கார்ட்லெஸ் முறையில் வேலை செய்பவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்கென்று 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். வைஃபையும் அங்கே வராது, மைக்ரோவேவ் அடுப்பும் வராது. 6.0 என்பதை 6 ஜிகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆறாவது பதிப்பு என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே இல்லை, விற்பனைக்காக வைத்த பெயர்.

ஆகவே பழைய 5.8 இரண்டு லைன் செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். இருந்தாலும் பேஸை ரவுட்டர் மேலேயே அடுக்க வேண்டாம், இரண்டு அடியாவது தள்ளி, கொஞ்சம் உயரமாக வையுங்கள். கராஜை ஒட்டிய மூலையிலிருந்து பேஸ்மென்ட் வரை சிக்னல் போக வேண்டும். இடையில் உலோகக் கதவோ குளிர்பெட்டியோ இருந்தால் குறையும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரக் கணக்கு வெட்டவெளிக்கானது.

மல்லிகா_டல்லாஸ் | ஞாயிறு, மாலை 6:30

சரி வாசு, உங்கள் காரணம் நியாயமானது. இரண்டு லைன்தான் என்று ஆகிவிட்டதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் கணவரின் காப்பீட்டு வேலைக்காக ஆறு வருடம் வி-டெக் டி.எஸ் 6151 வைத்திருந்தோம். இரண்டு லைன், பதில் பதிவு செய்யும் வசதி, கூடுதல் ஹேண்ட்செட் சேர்க்கலாம். உழைத்தது. இதே போல ஏ.டி அண்ட் டி பெயரில் டி.எல் 88102 வருகிறது. பெயர்தான் ஏ.டி அண்ட் டி, தயாரிப்பது வி-டெக்தான். அதனால் இரண்டுக்கும் நடுவே ரொம்ப யோசிக்க வேண்டாம். பானாசோனிக்கில் கே.எக்ஸ்-டி.ஜி 9541. அதில் இரண்டு லைனோடு செல்போனையும் புளூடூத்தில் சேர்க்கலாம். கடைகளில் சில சமயம் புதிதாக இருக்காது, பழையதைப் புதுப்பித்து விற்பார்கள். அப்படியானால் பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. அதற்கு முன்னால் நாங்கள் வாங்கிய ஒரு செட்டில், அட்டைப்பெட்டியில் இரண்டு லைன் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒரு ஹேண்ட்செட்டில் அவர் முதல் லைனில் பேசும்போது இன்னொன்றை எடுத்து இரண்டாவது லைனில் டயல் செய்தால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று காட்டும். ஒரு நேரத்தில் ஒரு ஹேண்ட்செட்தான் வெளியே பேசலாம், இன்னொருவர் பேச வேண்டுமானால் பேஸில் உள்ள ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். வாடிக்கையாளர் விஷயத்தை ஸ்பீக்கரில் எப்படிப் பேசுவது? திருப்பிக் கொடுக்கிற காலமும் தாண்டிவிட்டது. ஆகவே கையேட்டை இணையத்தில் இறக்கிப் படித்துவிட்டு வாங்குங்கள். 'இரண்டு ஹேண்ட்செட்டில் இரண்டு வெளி அழைப்பு ஒரே நேரத்தில்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

பதில் பதிவும் அப்படியே. இரண்டு லைனுக்கும் தனித்தனி வரவேற்புச் செய்தி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடும் கடைக்காரருக்கு உங்கள் பிள்ளைகள் மழலையில் பேசி வைத்த வரவேற்பு கேட்கக் கூடாது.

வாசு_எடிசன் | ஞாயிறு, இரவு 8:10

அக்கா, எங்கள் வீட்டு நம்பரில் இருப்பது சின்னவள் ஐந்து வயதில் பேசி வைத்ததுதான். அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. தனித்தனி செய்தி கட்டாயம்.

ஸ்காபுறோ_தயா | திங்கள், காலை 7:20

எல்லோரும் போனைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழை. மரங்கள் எல்லாம் கண்ணாடிபோல உறைந்து, கொப்புகள் முறிந்து கம்பிகளில் விழுந்தன. நகரத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. வீட்டில் மூன்று கோட்லெஸ் போன். ஹேண்ட்செட்டில் பற்றரி நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றிலும் டயல் டோன் இல்லை. பேஸுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் ஹேண்ட்செட் எதனுடன் கதைக்கும்? செல்போனும் இரண்டாம் நாள் செத்துவிட்டது. நிலவறையில் ஒரு பழைய வயர் ரெலிபோன் கிடந்தது. செப்பு லைன் இருந்த காலம் அது. அதைச் சுவரில் செருகியதும் டயல் டோன் வந்தது. அம்மம்மா அந்த ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தா.

ஆனால் வாசு, உங்களுக்கு ஃபைபர். செப்பு லைனுக்குத் தெருவிலிருந்தே மின்சாரம் வரும், கண்ணாடி இழையில் வராது. கராஜில் உள்ள பெட்டிக்குப் பற்றரி இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு யூ.பி.எஸ் வாங்கி ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர், போன் பேஸ் நான்கையும் அதில் போடுங்கள். எல்லாம் குறைந்த மின்சாரம் எடுக்கும் பொருட்கள், சின்ன யூ.பி.எஸ் கூடக் கொஞ்ச மணி நேரம் தாங்கும். அத்துடன் வீட்டு நம்பரில் ஒரு வயர் போனும் வைத்திருங்கள். வயதானவர்கள் இருக்கிற வீடு.

செப்புக்கம்பி | திங்கள், காலை 8:05

தயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஃபைபர் பெட்டியின் போன் துளையில் ஒரு சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒரு பக்கம் பேஸ், மறு பக்கம் ஒயர் போன். சாண்டி புயல் சமயத்தில், 2012 அக்டோபர் கடைசியில், உங்கள் மாநிலத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வாசு_எடிசன் | திங்கள், இரவு 9:30

தெரியும் ஐயா. அப்போது அடுக்ககத்தில் இருந்தோம், பெரியவளுக்கு எட்டு மாதம். பால் காய்ச்சக்கூட வழியில்லாமல் பக்கத்து வீட்டு கேஸ் அடுப்புக்குப் போனோம். யூ.பி.எஸ் இன்றைக்கே சொல்லிவிட்டேன். போனுக்கு இரண்டு கையேட்டைப் படித்துவிட்டு மறுபடி வருகிறேன்.

நொய்யல் | செவ்வாய், காலை 6:45

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் கோவையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி அட்லாண்டாவில் இருக்கிறான். அவன் வீட்டில் சும்மா இருக்கும் டெக்ட் 6.0 செட்டை டிசம்பரில் வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறான். இங்கே ஓடுமா?

இரண்டாம்மாடி | செவ்வாய், காலை 9:10

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க செட் 1920-லிருந்து 1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் அந்த இடம் செல்போனுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே கார்ட்லெஸை இயக்கினால் செல்போன் கோபுரத்துக்கு இடைஞ்சல், சட்டப்படியும் தப்பு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் டெக்ட் போனுக்கு உரியது 1880 முதல் 1900 வரை. அங்கேயே விற்கும் செட்டை வாங்குங்கள். மின் அடாப்டரும் 110 வோல்ட்டுக்கானதாக இருந்தால் 230-ல் செருகிய நொடியில் புகைந்துவிடும்.

நொய்யல் | செவ்வாய், காலை 9:25

நல்ல வேளை கேட்டேன். நன்றி.

வாசு_எடிசன் | சனி, மாலை 5:50

வாங்கிவிட்டேன், ஆனால் மாட்டிக்கொண்டேன். உதவுங்கள்.

மூன்று ஹேண்ட்செட்டோடு டெக்ட் 6.0 இரண்டு லைன் செட். கையேட்டில் மல்லிகா அக்கா சொன்ன வரி அப்படியே இருந்தது, இரண்டு ஹேண்ட்செட் இரண்டு லைனில் ஒரே நேரத்தில் பேசலாம். ஆனால் பேஸுக்கு அடியில் துளை ஒன்றுதான், அதனால் மூன்று துளை ஸ்ப்ளிட்டரைத் திருப்பிப் போட்டுச் சேர்த்தேன். வீட்டு லைன் அருமையாக வருகிறது. ஆபீஸ் லைனை எடுத்தால் 'லைனைச் சரிபார்க்கவும்' என்கிறது. அதே அடாப்டரில் பழைய போனைச் செருகினால் டயல் டோன் வருகிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

செப்புக்கம்பி | சனி, மாலை 6:20

பொறுங்கள், கொடுக்காதீர்கள். ஸ்ப்ளிட்டருக்கும் பேஸுக்கும் நடுவே எந்த ஒயர் போட்டீர்கள்? அதன் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான், முனையில் பொன்னிறத்தில் சின்னச் சின்னத் தகடுகள் தெரியும். எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

வாசு_எடிசன் | சனி, மாலை 6:41

இரண்டு!

செப்புக்கம்பி | சனி, மாலை 6:45

அதுதான். இரண்டு தகடு என்றால் ஒரு ஜோடி ஒயர், ஒரு லைன். இரண்டாவது லைன் வரும் வெளி ஜோடிக்கு அந்தக் கேபிளில் ஒயரே இல்லை. புது செட்டோடு ஒரு போன் ஒயர் வந்திருக்குமே, அதை எடுத்து எண்ணுங்கள். நான்கு இருக்கும். ஸ்ப்ளிட்டரில் 'இரண்டும்' என்று எழுதிய பக்கத்துக்கும் பேஸுக்கும் நடுவில் அது போக வேண்டும். பெட்டிகளிலிருந்து ஸ்ப்ளிட்டருக்கு வருவது இரண்டு தகடாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே ஒவ்வொன்றிலும் ஒரு லைன்தானே.

வாசு_எடிசன் | சனி, இரவு 7:15

வந்துவிட்டது! பழைய ஒயர் நீளமாக இருக்கிறதே என்று அதைப் போட்டிருந்தேன். புதியது பையைக்கூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. எண்ணினேன், நான்கு. செருகியதும் இரண்டாவது விளக்கும் பச்சையானது. மனைவி மேலே ஆபீஸ் லைனிலும் நான் கீழே வீட்டு லைனிலும் ஒரே நேரத்தில் பேசிப் பார்த்தோம். ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கொஞ்சமும் கேட்கவில்லை.

மல்லிகா_டல்லாஸ் | சனி, இரவு 8:00

ரொம்ப சந்தோஷம் வாசு. இனி அமைப்புகளை அம்மா அப்பாவுக்கு ஏற்ற மாதிரி செய்துகொடுங்கள். மணி அடிக்கும் லைனைத் தானாக எடுக்கும்படி வையுங்கள். வெளியே டயல் செய்யும்போது அப்பாவின் ஹேண்ட்செட் எப்போதும் முதல் லைனையே எடுக்கட்டும். இல்லாவிட்டால் ஆபீஸ் நம்பரிலிருந்து சொந்தக்காரர்களுக்கு அழைப்பு போய், அவர்கள் திருப்பிக் கூப்பிடுவதும் அங்கேதான் வரும். இரண்டு லைனுக்கும் மணிச் சத்தம் நன்றாக வித்தியாசப்படட்டும். அம்மாவுக்குக் கீச்சென்ற மணியைவிடத் தடித்த மணி கேட்கும், வயதானால் முதலில் போவது உயர்ந்த ஸ்வரம்தான். காதுக்கருவி போட்டிருந்தால் அதில் டெலிகாயில், அதாவது போன் ஒலியைக் காந்த வழியில் நேரே வாங்கும் சின்னக் கம்பிச் சுருள், இருக்கிறதா என்று காது டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் போனை அதோடு இணக்கமாகப் பயன்படுத்தலாம், விசில் சத்தம் வராது.

பேட்டரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் வகைதான். கடையில் கிடைக்கிற சாதாரண ஆல்கலைனைப் போட்டுச் சார்ஜில் வைத்துவிடாதீர்கள், ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

ஸ்காபுறோ_தயா | சனி, இரவு 8:35

இன்னொரு வேலை இருக்கிறது. ஆபீஸ் லைன் இன்டர்நெட் வழி வருவது. அவசரத்துக்கு 911 அடித்தால், அந்தக் கம்பெனியிடம் நீங்கள் பதிந்து வைத்த முகவரிதான் அவர்களுக்குப் போகும். போன் இருக்கிற இடம் தானாகத் தெரியாது. சில கம்பெனிகளில் 933 அடித்தால் பதிவில் உள்ள முகவரியை வாசித்துக் காட்டும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசு_எடிசன் | ஞாயிறு, மாலை 4:10

தயா, நீங்கள் இதைச் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தோன்றியே இருக்காது. கம்பெனியின் உதவிப் பக்கத்தில் 933 இருந்தது. அடித்தேன். ஒரு பெண் குரல் முகவரியை நிதானமாக வாசித்தது. எங்கள் வீடு இல்லை. மெட்டுச்சனில் மனைவி முன்பு வாடகைக்கு எடுத்திருந்த அறை. பணம் கட்டும் அட்டைக்கு அந்த முகவரி இருந்ததால் அதுவே 911-க்கும் பதிவாகிவிட்டது. அப்பாவுக்கு ராத்திரி ஏதாவது என்று அந்த லைனில் கூப்பிட்டிருந்தால் வண்டி அங்கே போயிருக்கும்.

கணக்குக்குள் போய் உடனே மாற்றினோம். மாறியது பதிவாகிவிட்டதாக இன்று மதியம் மின்னஞ்சல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மறுபடி 933. இந்த முறை எங்கள் வீட்டு எண், எங்கள் தெருப் பெயர். அம்மா பக்கத்தில் நின்று முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா காதுல விழுதுடா" என்றார்கள்.